கிளுவை வேலியும் பத்து விரல்களும்

1

போன ஞாயிற்றுக்கிழமை, இங்கே பெர்கன் நகரில், தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து வைத்த பொங்கல் விருந்தில் ஒரு நண்பர் கேட்டார்: “போன வருசம் ஊர்ல மாட்டிக்கிட்டீங்களாமே? என்ன, விசாப் பிரச்சினையா?”

“என் அட்டையை மாடு தின்றுவிட்டது” என்றேன். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து பழைய நோட்டை எடுத்துப் பார்த்தபோது, அந்த ஒற்றை வாக்கியம் முப்பத்தாறு நாட்களை விழுங்கியிருப்பது தெரிந்தது. ஊரில் இருப்பவர்களுக்காவது அதைத் தேதி வரிசையில் சொல்லிவிட நினைக்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி. நார்வேயின் மேற்குக் கரையில் பத்தொன்பது வருடங்களாக இருக்கிறேன். கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளில் வால்வுகளைச் சோதிப்பது என் வேலை. இரண்டு வாரம் கடல், நான்கு வாரம் கரை. பிறந்தது காங்கேயத்துக்குத் தெற்கே, ஊதியூர் மலை கண்ணுக்குத் தெரியும் ஒரு கிராமத்தில். கல்லூரி நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். ஒருநாள் கூட விட்டதில்லை.

எங்கள் ஒரே மகள் நிலா. அவள் முதலில் நடந்த நாள், முதல் பல் விழுந்த நாள், தனியாகப் பள்ளிக்குப் போன நாள், மூன்றும் என் நோட்டில் இருக்கின்றன. மூன்றின் கீழும் ‘போனில் கேட்டது’ என்று எழுதியிருக்கிறது. அந்த மூன்று நாட்களும் நான் கடலில் இருந்தேன்.

சென்ற ஆகஸ்ட் பதினாறாம் தேதி, சனிக்கிழமை, அவள் படிப்புக்காக வீட்டை விட்டு வடக்கே த்ரோம்சோ நகருக்குக் குடிபோகும் நாள். அந்த நாளின் கீழ் ‘போனில் கேட்டது’ என்று எழுதமாட்டேன் என்று முடிவு செய்திருந்தேன். வேறு பெரிய இலட்சியம் எதுவும் எனக்கு அந்தக் கோடையில் இல்லை.

2

அந்தக் கோடையில் நான் ஏன் ஊரில் இருந்தேன் என்பதற்கு ஒன்பது வருடம் பின்னால் போக வேண்டும். அப்போது ஒரு தப்புச் செய்திருந்தேன்.

எங்களுக்கு நான்கு ஏக்கர் கொறங்காடு உண்டு. பார்க்கிறவர்களுக்குத் தரிசு மாதிரித் தெரியும். தரிசு அல்ல, மேய்ச்சலுக்கென்றே வைத்த நிலம். கீழே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், நான்கு பக்கமும் கிளுவை வேலி. கிளுவை முள்ளுள்ள மரம். அதன் கிளையை ஆளுயரத்துக்கு வெட்டி நெருக்கமாக நட்டால் வேர் பிடித்துத் தழைத்து உயிருள்ள வேலியாகிவிடும். நடுகிற அந்தக் கிளைக்குப் போத்து என்று பெயர். வேலி சரியாக இருந்தால் மாட்டை உள்ளே விட்டுவிட்டு மனிதர் தன் வேலையைப் பார்க்கலாம்.

நிலாவின் பத்தாவது பிறந்த நாளுக்கு, பெர்கனில் உட்கார்ந்துகொண்டு, ஊரில் இருந்த என் அக்கா ராசாமணியிடம் போனில் சொல்லி, அந்த நான்கு ஏக்கரிலும் மலைவேம்புக் கன்று நட வைத்தேன். சொட்டுநீர்க் குழாய் போட்டோம். அந்தத் துண்டுக்கு ‘நிலாவின் காடு’ என்று பெயர் வைத்தேன். பூமிக்கு நல்லது செய்கிறோம் என்று உண்மையாகவே நம்பினேன். மாதாமாதம் அக்கா படம் அனுப்புவாள். நான் பத்திரப்படுத்துவேன். நிலா ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்குப்பா” என்று போய்விட்டாள்.

மரம் வளர்ந்தது. நிழல் விழுந்த இடத்தில் கொழுக்கட்டைப் புல் இல்லாமல் போனது. தண்ணீர் சொட்டிய இடத்திலெல்லாம் பார்த்தீனியம் வந்தது. மேய்ச்சல் இல்லையென்றால் வேலியை யார் பார்ப்பார்கள்? அதுவும் இடையிடையே பட்டுப் போனது. அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு கேட்டதற்கு, “நீ ஆசைப்பட்டு வெச்சது கண்ணு. அத எப்படிச் சொல்றது?” என்றாள்.

எனக்கு இங்கேதான் புத்தி வந்தது. பெர்கனுக்கு வடக்கே கடலோரத்தில் மரமே இல்லாத புதர்க் குன்றுகள் இருக்கின்றன. காலங்காலமாக ஆடு மேய்ந்து அப்படி ஆன நிலம். இப்போது ஆடு குறைந்து, மரங்கள் முளைத்து மூடுகின்றன. கரையில் இருக்கும் சனிக்கிழமைகளில் தன்னார்வலர்களோடு போய் ஊசியிலைக் கன்றுகளைப் பிடுங்குவேன். ஒரு மே மாதச் சனிக்கிழமை, கையில் ஒரு கன்றோடு நின்றுகொண்டு, மரத்தைப் பிடுங்குவது எப்படி நல்ல காரியமாகும் என்று பக்கத்திலிருந்த பெண்ணிடம் கேட்டேன். “இந்த நிலத்துக்கு வெயில்தான் சாப்பாடு” என்றார் அவர், தலையை நிமிர்த்தாமலே.

அன்று மாலை அக்காவைக் கூப்பிட்டு, “கொறங்காட்டில் புல் இருக்கிறதா?” என்று கேட்டேன். “இப்பத்தான் கேக்கத் தோணுச்சா கண்ணு?” என்றாள்.

3

மரங்களை வெட்டி அகற்றும் வேலையை அக்கா முன்னாலேயே முடித்திருந்தாள். நான் ஜூன் கடைசியில் நான்கு வார விடுப்பில் போனேன். திரும்பும் டிக்கெட் ஜூலை இருபத்தாறு, சனிக்கிழமை. நிலா கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே வந்துவிடுவதாகக் கணக்கு.

கூட வேலை செய்தவர்கள் பக்கத்து ஊரிலிருந்து வந்த ஐந்து பெண்கள். கத்தாழை நாரில் கயிறும் பையும் பின்னி, கோவைப் பீளமேட்டில் ஒரு கடைக்கு அனுப்புகிறவர்கள். வேலி நடும் வேலையும் தெரிந்தவர்கள். எங்கள் தெற்கு வரப்பில் வளர்ந்திருந்த கத்தாழையை அவர்கள் அறுத்துக்கொள்வது என்று ஏற்பாடு. காலையில் எல்லோரும் சேர்ந்து பார்த்தீனியம் பிடுங்கி வேலிக்குக் குழி எடுப்போம். வெயில் ஏறியதும் வெள்வேல மரத்தடியில் உட்கார்ந்து நார் எடுப்போம்.

அவர்களுக்குத் தலைவி துளசிமணி. என்னைவிடப் பத்து வயது சின்னவள். வாய் சும்மா இருக்காது.

“ஏனுங்ணா, உங்கூர்ல கொடுவாளு புடிக்கறவிங்களே இல்லீங்களா? பேனா புடிக்கற மாதிரியே புடிக்கறீங்க.”

“பேனா புடிச்ச கை அம்மணி, பாவம்” என்றாள் கூட இருந்த பழனாத்தா. “முள்ளுகிட்டயும் கையெழுத்துக் கேக்கறாராட்ட.”

காலையில் வேலை தொடங்குமுன் துளசிமணி ஒரு பிடி சாணியை உருட்டி, உச்சியில் அருகம்புல் செருகி, வரப்பில் வைப்பாள். அதுதான் பிள்ளையார். ஒரு நிமிடம் எல்லோரும் பேசாமல் நிற்போம். சாயங்காலத்துக்குள் வெயிலில் வெடித்துவிடும். இல்லாவிட்டால் கோழி கிளறிவிடும். ஒருநாள், “நேற்று வைத்தது அப்படியே இருக்கிறதே, புதிதாக எதற்கு?” என்றேன்.

“நேத்துப் புடிச்சவரு நேத்தைக்குங்ணா. இன்னிக்கு வேலைக்கு இன்னிக்குப் புள்ளையாரு.”

வேலிக்குப் போத்து வெட்டப் பழைய கிளுவையிடம் போகும்போதும் அவள் முதலில் மரத்தைத் தொட்டு, “ஒரு கை எடுத்துக்கறோம் ஆத்தா, மறுபடி தழைஞ்சுக்க” என்பாள். சாமி கும்பிடுவதில் நான் சுறுசுறுப்பானவன் அல்லன். ஆனால் மூன்றாவது நாளிலிருந்து அந்த ஒரு நிமிடத்துக்காகவே சீக்கிரம் எழுந்தேன் என்று நோட்டில் இருக்கிறது.

நார் எடுப்பது இப்படி: கத்தாழை மட்டையைக் கல்லில் தட்டி, மழுங்கிய கத்தியால் சதையை வழித்து, அலசி, காயவைக்க வேண்டும். சாறு பட்டால் தோல் அரிக்கும். காய்ந்த நாரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் திரித்தால் கயிறு. என் முதல் கயிறு ஒரு முழத்துக்கு ஒரு தடிமனில் இருந்தது. பதினொன்றாவது நாள் ஒரு கன்றைக் கட்டும் அளவுக்கு ஒரே சீரான கயிறு திரித்தேன். துளசிமணி அதை இழுத்துப் பார்த்து, “மாடு ஒப்புக்குமுங்ணா” என்றாள். கடல் மேடையில் எத்தனையோ சான்றிதழில் என் கையெழுத்து இருக்கிறது. எதற்கும் அன்று வந்த மாதிரி மகிழ்ச்சி வந்ததில்லை. உள்ளங்கை சொரசொரத்து, விரல் நுனிகள் தேய்ந்து வழவழப்பாகிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை கோவையிலிருந்து பார்க்க வந்த அக்காவிடம் கையை நீட்டிக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஜூலை பத்து, வியாழக்கிழமை. காலை பதினொன்று நாற்பது. என் துணிப்பையை வெள்வேல மரத்தின் தாழ்ந்த கிளையில் மாட்டியிருந்தேன். சாப்பாட்டு உப்பு பட்ட துணி. துளசிமணி மேய்க்க ஓட்டி வந்திருந்த சாம்பல் நிற இளம்பசு, மயிலைக் கிடாரி, அதை இழுத்து மென்றுகொண்டிருந்தது.

“அய்யோ, உங்க பையத் திங்குதுங்ணா!”

ஓடிப் போய்ப் பிடுங்கினேன். கடவுச்சீட்டு நல்லவேளையாகப் பெட்டியில் இருந்தது. பையில் இருந்தது நார்வே தந்த வதிவிட அட்டை. அதைக் காட்டினால்தான் திரும்பும் விமானத்தில் ஏற விடுவார்கள். பாதி அட்டை கிடைத்தது. சில்லு இருந்த பாதி கிடாரியோடு போய்விட்டது.

“பாரீன் அட்டைங்கவும் ருசி கண்டுபோட்டதாட்ட” என்றாள் துளசிமணி. என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

பழனாத்தாவுக்குக் கவலை வேறு. “ஏனுங்க, அதுக்குள்ள கரண்டு கிரண்டு இருக்குமுங்களா? மாட்டுக்கு ஒண்ணும் ஆயிடாதுங்களே?”

4

அட்டை இல்லாமல் திரும்ப வேண்டுமென்றால் ஒருமுறை நுழைவதற்கான விசா வாங்க வேண்டும். இணையப் படிவத்தில் ‘அட்டை என்ன ஆனது’ என்ற கேள்விக்கு மூன்றே பதில்கள் இருந்தன: திருட்டு, இழப்பு, சேதம். சேதம் என்று போட்டேன். எப்படிச் சேதமானது என்று விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வந்தது. விளக்கினேன். காவல் நிலையச் சான்று கேட்டார்கள்.

காவல் நிலையத்தில் எழுத்தர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “யாரு மேலங்க புகாரு? மாட்டு மேலயா?”

“புகார் இல்லீங்க. ஒரு சான்று மட்டும்.”

“மாடு யாருதுங்க?”

கூட வந்திருந்த துளசிமணி என் பின்னால் நகர்ந்துகொண்டாள். “தெரியாத மாடு” என்று எழுதச் சொன்னேன். நான் தெரிந்தே பதிவு செய்த பொய் அது ஒன்றுதான். நோட்டில் உண்மை இருக்கிறது.

ஜூலை இருபத்திரண்டு, செவ்வாய்க்கிழமை, சென்னையில் உள்ள விண்ணப்ப மையத்தில் பத்து விரல் ரேகையும் கொடுக்க வேண்டும். கோவையிலிருந்து ரயிலில் போனேன். கண்ணாடித் தட்டில் விரலை வைத்தேன். சிவப்பு விளக்கு. துடைத்து வைத்தேன். சிவப்பு. இடது கை, வலது கை, கட்டைவிரல்கள், எல்லாம் சிவப்பு. அங்கே வேலை செய்த இளம்பெண் என் கையைத் திருப்பிப் பார்த்தாள்.

“சார், இன்ஜினியர்னு போட்டிருக்கீங்க. கையில ரேகையே இல்லையே சார். கட்டட வேலையா?”

“கயிறு திரித்தேன்.”

அவள் என்னை மறுபடி பார்த்தாள். “பத்துப் பன்னிரண்டு நாள் கைக்கு எந்த வேலையும் கொடுக்காதீங்க சார். எண்ணெய் தடவுங்க. தோல் வளர்ந்து ரேகை வந்துரும். அடுத்த நேரம் ஆகஸ்ட் ஆறாம் தேதி இருக்கு. அன்னைக்கு விழுந்துட்டா ஒரு வாரத்துல விசா வரும்.”

ஆறும் ஏழும் பதின்மூன்று. புதன்கிழமை. வியாழன் கிளம்பினால் வெள்ளி மாலை பெர்கன். சனி காலை நிலாவின் விமானம். அந்த ஆறாம் தேதி என் விரல்கள் விழாவிட்டால் வேறு வழியில்லை. டிக்கெட்டை மாற்றினேன். விடுப்பை நீட்டிக்கக் கேட்டு என் அலுவலகத்துக்கு நானே நார்வே மொழியில் ஒரு கடிதம் எழுதினேன். நிலாவுக்கு ஒரு பிரதி அனுப்பியதும் அவள் கூப்பிட்டாள்.

“அப்பா, இதுல நீங்க விரல டிலீட் பண்ணிட்டேன்னு எழுதியிருக்கீங்க. கம்ப்யூட்டர்ல பைல் டிலீட் பண்ற மாதிரி.” சிரித்தாள். பிறகு, “நீங்க வரலன்னாலும் பரவால்லப்பா. அம்மா இருக்காங்க. பெட்டியெல்லாம் நானே கட்டிட்டேன்.”

கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் ‘பரவால்ல’ என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. இத்தனை வருடமாக நான் கடலிலிருந்து பேசும்போதெல்லாம் அவளுக்கு அந்த வார்த்தையைப் பழக்கிவிட்டது நான்தான்.

நடந்ததைச் சொல்லக் கொறங்காட்டுக்குப் போனேன். ஐந்து பெண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“எங்க அஞ்சு பேருக்கும் ரேகை உழாதுங்ணா” என்றாள் துளசிமணி. “ரேசன் கடை மெசினு எங்களக் கண்டாலே கத்தும். கண்ணைக் காட்டித்தான் அரிசி வாங்கறோம்.”

“வெரலத் தலையில தேய்ச்சுட்டு வெச்சுப் பாருங்க” என்றாள் பழனாத்தா. “எண்ணெய் பட்டா ஒருக்காலோ ரெண்டுக்காலோ உழுகும்.”

“விசாவுக்குக் கண்ணைக் கேட்கவில்லை, விரல்தான் வேண்டுமாம்” என்றேன்.

சிரிப்பு அடங்கியது. துளசிமணி என் கையிலிருந்த நாரை வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். “அப்ப நீங்க இனி எதையும் தொடப்படாதுங்ணா. எந்திரீங்க. ஊட்டுக்குப் போங்க.”

5

அக்கா இப்போது இருப்பது பீளமேட்டில், மகன் வாங்கிய அடுக்குமாடி வீட்டில், நாலாவது தளம். மகன் காலையில் அலுவலகம் போனால் இருட்டிய பிறகு வருவான். ஜூலை இருபத்து நான்கிலிருந்து நானும் அக்காவும்தான். இரண்டு கையிலும் தேங்காய் எண்ணெய், அதன்மேல் பருத்திக் கையுறை. புத்தகம் படிக்கலாம் என்றால் பக்கத்தைத் திருப்ப முடியாது. நாட்குறிப்பு எழுத மட்டும் வலது கையுறையைக் கழற்றுவேன். அதையும் அக்கா கண்டுபிடித்துவிடுவாள்.

“ஒரு வரியில எழுதிப்போட்டு மாட்டு கண்ணு. ராமாயணம் எழுதாத.”

சோற்றைப் பிசைய விடமாட்டாள். தானே பிசைந்து கரண்டி வைத்துக் கொடுப்பாள். ஐம்பத்து நான்கு வயதில் அது ஒரு தண்டனை.

விமான நிலையம் பக்கத்தில்தான். ஒவ்வொரு விமானமும் மொட்டை மாடிக்கு மேல் இறங்கும், ஏறும். இரண்டு நாளில் எது எந்த நேரம் என்று மனப்பாடம் ஆகிவிட்டது. அறுபது கிலோமீட்டர் தள்ளி எனக்குப் பிடித்த வேலை நடந்துகொண்டிருந்தது. கடல் கடந்து என் மகள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். இரண்டுக்கும் நடுவில், பழைய ஆலைச் சுவரைப் பார்த்த ஜன்னல் ஓரத்தில், ரேகை வளர்வதற்காக உட்கார்ந்திருந்தேன். சும்மா உட்கார்ந்திருப்பது மட்டுமே நான் செய்யக்கூடிய முயற்சி. அதைவிட மோசமான சிறையை நான் படித்த எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

தினமும் காலையில் பூதக்கண்ணாடி வைத்து விரல்களைப் பார்த்தேன். நோட்டில் இப்படி இருக்கிறது: ‘ஜூலை 27: ஒன்றும் இல்லை. ஜூலை 29: இடது சுட்டுவிரலில் மூன்று கோடு. ஜூலை 31: வலது மோதிர விரல் நன்று. கட்டைவிரல்கள் இன்னும் வெறுமை.’

இதை எழுதும் இந்த ஜனவரியிலும் என் கைகள் கையுறைக்குள்தான். காலை ஒன்பதரைக்கு வெளிச்சம் வருகிறது, பிற்பகல் நான்குக்குப் போய்விடுகிறது. மழையில் பேருந்து, பேருந்தில் அலுவலகம், அலுவலகத்திலிருந்து ஹெலிகாப்டரில் கடல். மேடையில் வால்வைத் தொடுவதும் தடித்த கையுறையோடுதான். ஒரு நாளில் வெறுங்கையால் நான் தொடும் பொருட்களை ஒருமுறை பட்டியல் போட்டேன்: பல் துலக்கி, பொத்தான்கள், கைப்பேசி, ரொட்டி. பட்டியல் அதற்கு மேல் போகவில்லை. பீளமேட்டில் பதின்மூன்று நாளைத்தான் சிறை என்று எழுதியிருக்கிறேன். இதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

6

ஆகஸ்ட் மூன்று, ஞாயிறு. ஆடிப்பெருக்கு. காலை ஆறு மணிக்குத் துளசிமணி கூப்பிட்டாள்.

“மழை பெஞ்சுபோட்டதுங்ணா! நல்ல மழை. மண்ணு அப்படியே எறங்குது. இன்னிக்கு நட்டரோணும். போத்து வெட்டி மூணு நாளாச்சு, இனி வெச்சா காஞ்சு போயிரும்.”

ஐந்து பேரில் ஒருத்திக்குக் காய்ச்சல். நான்கு பேரால் ஒரே நாளில் முடியாத வேலை. மறுநாள் வெயில் அடித்தால் மண் இறுகிவிடும். இந்த மழையில் வேலி போடாவிட்டால் புல் விதை விழுமுன் தெருமாடு உள்ளே புகுந்துவிடும். இன்னும் ஒரு வருடம் போய்விடும்.

சிங்காநல்லூரில் பேருந்து ஏறினேன். அக்கா வாசல்வரை வந்து, “கைய வெளிய எடுத்தீன்னா நெலாகிட்டச் சொல்லிப்போடுவேன்” என்றாள். சூலூர், பல்லடம், காங்கேயம். பேருந்தில் கம்பியைப் பிடிக்காமல், அதில் முதுகைச் சாய்த்து நின்றேன். நடத்துநர், “கைக்கு என்னங்க, தீக்காயமுங்களா?” என்றார். “ஆமாம்” என்றேன். காவல் நிலையப் பொய்யோடு சேர்த்து இரண்டாகிவிட்டது.

கொறங்காடு ஈரத்தில் கறுத்துக் கிடந்தது. பழனாத்தா என்னைப் பார்த்ததும் கையைத் தட்டினாள். துளசிமணிக்குக் கோபம்.

“எதுக்கு வந்தீங்க? மூணு நாள்ல மெசினுக்குப் போறவரு.”

“குழியில் போத்தை நிறுத்திப் பிடிக்கிறேன். அது போதுமே.”

“முள்ளு அத்தனையும் கைல ஏறட்டும், அப்புறம் புள்ளயப் போட்டாவுல பாருங்க.” இடுப்பில் செருகியிருந்த துண்டை உருவி, என் இரண்டு கையையும் சேர்த்து முழங்கைவரை சுற்றி முடிச்சுப் போட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். “குற்றவாளி மாதிரி இருக்கறாரு” என்றாள் பழனாத்தா. “எங்கம்மணி கொண்டுபோறோம் இவர?”

“வேலைக்குத்தான். காலு சும்மாத்தான இருக்குது? செருப்பக் கழட்டுங்ணா. நாங்க நட்டுட்டே போறோம். பின்னாலயே வந்து மிதிச்சு உடுங்க.”

செருப்பைக் கழற்றினேன். சாணிப் பிள்ளையார் வரப்பில் இருந்தார். கும்பிடக் கை வரவில்லை. தலையைக் குனிந்தேன்.

அவர்கள் கடப்பாறையால் குழியை ஆழப்படுத்திப் போத்தை நிறுத்தி மண்ணைத் தள்ளுவார்கள். நான் ஒரு காலால் இந்தப் பக்கம், மறுகாலால் அந்தப் பக்கம், போத்தைச் சுற்றி வட்டமாக மிதிப்பேன். செம்மண் விரலிடுக்கில் பிதுங்கி வரும். கணுக்கால்வரை குளிர்ச்சி. முதல் பத்துப் போத்துவரை கட்டின கை உறுத்தியது. பிறகு அது இருப்பதே மறந்துபோனது. கையை நம்பாமல் ஒரு வேலை செய்து எத்தனை வருடம் ஆயிற்று என்று தெரியவில்லை. கிளுவைப் பட்டையின் வாசம், ஈரமண், முன்னால் நகரும் நான்கு முதுகுகள். எனக்கு ஆறாம் தேதி மறந்துவிட்டது. பதினாறும் மறந்துவிட்டது. ஒருமுறை வானத்தைப் பார்த்து என்னையறியாமல் சத்தமாகச் சிரித்தேன். துளசிமணி திரும்பிப் பார்த்து, “சாமி வந்துருச்சாட்ட” என்றாள்.

வந்திருந்தால் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இருட்டுமுன் கிழக்கும் தெற்கும் முடிந்தன. எல்லாப் போத்தையும் மிதித்தவன் நான்.

7

ஆகஸ்ட் ஆறு, புதன். அதே பெண், அதே கண்ணாடி. எட்டு விரல் உடனே விழுந்தது. வலது கட்டைவிரல் நாலாவது முறை. இடது கட்டைவிரலுக்கு அவள் என் விரலைத் தன் கையால் பிடித்து அழுத்தினாள். பச்சை. “இப்ப நல்லா இருக்கு சார்” என்றாள். பதின்மூன்றாம் தேதி விசா வந்தது. வெள்ளி மாலை ஆறு ஐம்பதுக்கு வீட்டு வாசலில் நின்றேன். கதவைத் திறந்தது நிலா.

மறுநாள் காலை, பெர்கன் விமான நிலையம். அவளே இயந்திரத்தில் பெட்டிக்குச் சீட்டு எடுத்து, அவளே ஒட்டி, அவளே பட்டையில் ஏற்றினாள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அடுத்து நான். “உனக்காக எப்படியோ வந்து சேர்ந்துவிட்டேன்” என்றேன்.

அவள் விலகி என்னைப் பார்த்தாள். “எனக்காகன்னு சொல்லாதீங்கப்பா. நான் கேக்கல. அந்த வேலிய விட்டுட்டு வரச் சொல்லல. காடு வேணும்னும் நான் கேக்கலையே.” கோபமாகச் சொல்லவில்லை. என் சட்டைப் பொத்தானைச் சரி செய்துகொண்டே சொன்னாள். பிறகு போய்விட்டாள். எல்லாம் சேர்ந்து பதினோரு நிமிடம். நோட்டில் ‘நேரில்’ என்று எழுதினேன். அதற்குக் கீழே எழுத வேறு எதுவும் கிடைக்கவில்லை.

அக்டோபரில் துளசிமணி கூப்பிட்டாள். வடக்கு, மேற்கு வேலியில் பழைய கிளுவை தழைத்துவிட்டது, புல் முழங்கால் உயரம் என்றாள். பிறகு இழுத்தாள்.

“நீங்க மிதிச்ச பக்கம் பாதி தழையலீங்ணா. இறுக்கி மிதிச்சுப்போட்டீங்க. தண்ணி எறங்கல, நின்னு அழுகிப்போச்சு.”

“மெதுவாக மிதி என்று யாரும் சொல்லவில்லையே?”

“சொல்லலாம்னுதான் பாத்தேன். அத்தன சந்தோசமா மிதிச்சீங்க. எப்படிச் சொல்றது?”

இதை மூன்று மாதம் யாரிடமும் சொல்லவில்லை. பொங்கல் விருந்து முடிந்த மறுநாள் மாலை நிலாவிடம் போனில் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் அறைத்தோழி எழுந்து வந்து என்ன என்று கேட்டாள்.

“எத்தன செத்துச்சுப்பா?”

“அறுபத்து மூன்று.”

“இந்த ஆடியில மறுபடி நடுவீங்களா?”

“விடுப்புக் கிடைத்தால். விண்ணப்பத்தை எடுத்து வைத்திருக்கிறேன்.” பிறகு, பத்தொன்பது வருடத்தில் அவளிடம் கேட்காத ஒன்றைக் கேட்டேன். “நீ வர்றியா?”

அவள் எதையோ புரட்டும் ஓசை கேட்டது.

“ஜூலைல ஒரு வேலைக்குச் சொல்லி வெச்சிருக்கேன். ஆகஸ்ட்னா கேட்டுப் பாக்கலாம்” என்றாள். “தேதி என்னப்பா? டிக்கெட் போடணும்ல.”

நோட்டைத் திறந்தேன். நாட்காட்டியைப் பார்த்தேன். விடுப்பு விண்ணப்பத்திலும் தேதிக் கட்டம் இரண்டு வாரமாகக் காலியாகத்தான் இருக்கிறது.

“மழை பெய்த மறுநாள்” என்றேன்.

“அது தேதி இல்லப்பா.”

“இல்லைதான்” என்றேன். அவள் போனை வைக்கவில்லை.